தண்ணி என்று சொன்னாள்

அன்றைக்கு ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஆட்டோ ஓட்டுகிற செயலாளர். பட்டு முறுக்கேற்றப் போகும் அக்கா தங்கை இரண்டு பேர். கோயில் வாசலில் சுண்டல் விற்கும் பெரியம்மா. கடைசித் தெருவிலிருந்து தறி நெய்கிற ஒரு பெண், முதல் தடவையாக. அப்புறம் நான், தலைவி.

பேசத் தெரியும் என்று என்னைத் தலைவி ஆக்கவில்லை. பேசமாட்டேன் என்றுதான் ஆக்கினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

மறுநாள் திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். பேனா செயலாளர் கையில்.

கடைசித் தெருப் பெண் எழுந்தாள். "எங்க தெருவுல தண்ணி..."

"குழாய்தானம்மா? எழுதியாச்சு, உக்காரு" என்றார் செயலாளர்.

உட்கார்ந்துவிட்டாள். ஆனால் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்தவர்கள் அப்படி முறுக்க மாட்டார்கள்.

"அப்புறம்?" என்றேன்.

"இன்னாக்கா அப்புறம்? அதான் முடிஞ்சிடுச்சே" என்றார் செயலாளர்.

"உன்னக் கேக்கலபா."

சும்மா இருந்தேன்.

"தலைவி தூங்கிட்டாளா பாருடி" என்றாள் பெரியம்மா. தங்கைக்காரி சிரித்தாள். நான் அசையவில்லை.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "குழாய் இருக்குதுக்கா. ரோட்ட ஒசத்திப் போட்டுட்டாங்க. மழ பேஞ்சா தண்ணி வூட்டுக்குள்ள பூந்து பதினோரு தறிக்குழிலயும் நிக்குது. கால வச்சு மிதிக்க முடியல. மழ விடுற வரிக்கும் வேல இல்ல, கூலி இல்ல. போன வருசமும் தண்ணின்னுதான் சொல்லி அனுப்பினோம்."

போன வருடம் அந்தத் தெருவுக்கு இன்னொரு குழாய் போட்டார்கள்.

"முழுவுறவனுக்குக் குடிக்கத் தண்ணி வாங்கிக் குடுத்துக்கீறீங்கடா!" என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது செயலாளர். எழுதியதை அடித்தார். "நீ சொல்லும்மா. முடிக்கிற வரிக்கும் வாயத் தொறக்கமாட்டேன்."

"உன்னால ஆவாதுபா" என்றாள் அக்காக்காரி.

கால்வாய் என்று எழுதினோம். ஒவ்வொரு திங்கள்கிழமையும் தவறாமல் போய் நின்றோம். ஐப்பசி பிறக்குமுன் வெட்டிவிட்டார்கள்.

முதல் பெருமழை அன்று குடையோடு அந்தத் தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று காது கொடுத்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் தறிச் சத்தம்.

ஓடிய தறிகள், பதினொன்று.