அப்பா வெட்டிய மாத்திரை

எங்கள் வீட்டில் எண் என்றால் அது குறைய வேண்டிய ஒன்று. அப்பாவுக்கு இனிப்புநீர்; ரத்தத்தில் சர்க்கரை எண் ஏறினால் அவர் தட்டில் சோறு குறையும். அத்தைக்கு எடை, அது ஏறினால் நாசி கண்டார் சோற்றுக்கடைப் பக்கமே போகமாட்டாள். மின்சார பில் ஏறினால் காற்றாடி நிற்கும், குடும்பமே வேர்க்கும். ஏறினால் நல்லது என்று அந்த வீட்டில் ஒரே ஒரு எண்தான் இருந்தது, என் கணக்குப் பாட மதிப்பெண். அது ஏறவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். பினாங்கில், டத்தோ கிராமட் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அப்பா ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய தங்கையான அத்தை பாயான் பாரு பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். நான் இரண்டாம் வகுப்பு. அம்மா வீட்டில் சும்மா இருந்தாள். அதாவது, விடியுமுன் ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடும் அத்தைக்குக் கட்டுச்சோறு, அப்பாவுக்குச் சட்டை, எனக்குச் சடை, பிறகு மார்க்கெட், சமையல், துணி. அத்தைக்கு ஷிப்ட் மாறினால் அம்மாவின் தூக்கமும் கூடவே மாறும். இத்தனையும் சேர்ந்ததற்குத்தான் சும்மா என்று பெயர்.

அந்த அம்மாவுக்கு முகம் வீங்கத் தொடங்கியது. குரல் கரகரத்தது, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பினாங்கு வெயிலில் ஊரே உருகிக்கொண்டிருக்க, கேமரன் மலைக்குப் போவதற்காக வாங்கிய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

"அண்ணிக்குத் திங்கிற சோறு நல்லா ஒடம்புல ஒட்டுதுலா. உக்காந்த எடத்துலயே தூக்கம் வேற," என்றாள் அத்தை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு, தூங்குகிற எவரைப் பார்த்தாலும் பொறாமை வருவது இயற்கை.

கடைசியில் அப்பா எங்களை ஒரு சீன டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் அம்மாவின் தொண்டையைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி, குட்டியாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரம் தேநீர்கூடக் கூடாது, ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார். அம்மா கொஞ்சம் தேறினாள். ஸ்வெட்டர் அலமாரிக்குப் போனது.

இரண்டாவது ரத்தத்தின் ரிப்போர்ட் வந்த சமயம் பார்த்துச் சீனப் பெருநாள் வந்தது. கிளினிக்கைப் பூட்டப் போகிற அவசரத்தில் நர்ஸ் கவரை அப்பாவின் கையில் கொடுத்து, கிளினிக் மறுபடி திறந்ததும் டாக்டரிடம் கொண்டுவரச் சொன்னாள். அப்பா வாசலிலேயே கவரைப் பிரித்தார். அவர் கிராணி, ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது அவருக்குத்தான் எழுதியது. டி.எஸ்.எச். என்ற மூன்று எழுத்துக்கு எதிரே ஓர் எண் இருந்தது. இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

"மருந்து கூடிப்போச்சு," என்றார் அப்பா.

"டாக்டர் வரட்டுமே," என்றாள் அம்மா.

"அவர் வந்தாலும் இதே நம்பரைத்தானே பாக்கப்போறாரு?"

மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பாதி மாத்திரை. ஒன்று சொல்ல வேண்டும், அப்பா அதை ஏனோதானோவென்று செய்யவில்லை. அம்மாவுக்கு முன்னால் எழுந்துவிடுவார். பழைய செய்தித்தாளை விரித்து, சவர பிளேடால் அந்தக் கடுகளவு மாத்திரையை நடுவில் பிளப்பார். ஒரு பாதி தெறித்து ஓடினால் மேசைக்கடியில் தவழ்ந்து தேடுவார். தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்கக் கூடாத அந்த அரை மணி நேரம் அம்மாவுக்குத் துணையாகச் சமையலறையிலேயே உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் மேனேஜரின் அட்டகாசங்களைச் சொல்வார், அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அவர்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு அன்பாகக் கொடுக்கிற மருந்து பலிக்காமல் போகுமா என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பெருநாள் முடிந்து கிளினிக் திறந்தது. பிரச்சினையை அவரே தீர்த்துவிட்டதால் அப்பா அங்கே போகவில்லை.

அம்மா மறுபடி வீங்கினாள். அப்பா யோசித்துப் பார்த்து, அவளுடைய சோற்றையும் பாதியாக்கினார். ஸ்வெட்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு அடுத்த சொல் மறந்துபோனது.

ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா தலையைச் சன்னலில் சாய்த்தாள். எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. முதலில் எனக்குக் கொண்டாட்டம்தான், ஆயர் ஈத்தாம்வரை ஓசிச் சவாரி. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் "காக்கா, காக்கா" என்று மலாயில் அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார், பிறகு தோளைத் தட்டினார், பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. அம்மா செத்துப்போய்விட்டாள் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில்தான் அவள் கண்ணைத் திறந்தாள். திறந்தவள் என்னைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பாதி மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். திட்டவில்லை. களைத்துப்போன குரலில், "இது குலா, உங்க இனிப்புநீர் மாதிரி நம்பர் இல்ல, மிஸ்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையை ஒரு விரலால் மெல்லத் தட்டினார். மூளை, தைராய்டு சுரப்பியின் கதவைத் தட்டுகிறது என்றார். சுரப்பி எழுந்து வந்தால் தட்டல் நிற்கும். வராவிட்டால்? இப்போது கை முட்டியால் ஓங்கித் தட்டினார், நான் திடுக்கிட்டேன். ரிப்போர்ட்டிலிருந்த அந்த எண்தான் தட்டுகிற சத்தம். எண் ஏறியிருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். "அவ வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டுறாங்க. நீங்க உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க."

அப்பா வெளியே வந்து நடைபாதையில் நின்றார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

"விடுங்க," என்றாள் அம்மா.

மாத்திரை முழுசானது. ஒரேயடியாகக் கூட்டினால் இதயம் படபடக்கும் என்று டாக்டர் நிதானமாகவே போனார். ஒன்றரை மாதம் கழித்து ரத்தம், அதைவிட வலுவான மாத்திரை, மறுபடி ரத்தம். அம்மாவின் முகம் திரும்பி வந்தது. முழு மாத்திரைக்கு வெட்ட ஆள் தேவையில்லை என்பதால் அப்பா பழையபடி வெயில் வரும்வரை தூங்கினார். அம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்து, நின்றபடியே மாத்திரையை விழுங்கிவிட்டு, தேநீர் கூடாத அரை மணி நேரத்தில் அத்தைக்குக் கட்டுச்சோற்றை முடித்தாள். சோறு நேரத்துக்கு வந்தது, என் சடை இறுக்கமாக நின்றது. அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று நாங்கள் மூவரும் ஒரே முடிவாகச் சொன்னோம்.

கடைசி ரிப்போர்ட்டில் நட்சத்திரமே இல்லை. டாக்டர் அதைத் திருப்பிக் காட்டி, "நார்மல்," என்றார். அப்பா பரீட்சை பாஸான பிள்ளையைப்போல நிமிர்ந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இன்னும் களைப்பா இருக்கு," என்றாள் மெதுவாக.

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். எல்லா எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லியே," என்றார் அப்பா, அவளைச் சமாதானப்படுத்துவதுபோல.

திரும்பும் வழியில் அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தோம். லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் நோயாளியாக இருந்த நாட்களில் கூடையின் ஒரு கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டு ஏறுவது வழக்கம், அன்றைக்கும் பிடித்திருந்தேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அம்மா நின்று, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். எனக்குப் பாவமாக இருந்தது. டாக்டர் சொன்னதை அவள் சரியாகக் கேட்கவில்லைபோல என்று நினைத்தேன்.

"அம்மா, ஒங்களுக்குக் களைப்பு இல்லியாம். டாக்டர் பாத்துட்டாருல்ல."

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் போட்டுச் சிரித்தாள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நல்ல சேதியை எடுத்துச் சொல்லி அம்மாவைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்ற பெருமையில், இனி என் உதவி தேவையில்லை என்று என் பக்கத்துக் கைப்பிடியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் படிகளில் முன்னால் ஓடினேன்.