கட்டைவிரலுக்கு எழுத்து இல்லை

என் இடது கைச் சுண்டுவிரல் பிறவிச் சோம்பேறி. இது எனக்குத் தெரியவந்தது, ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் சிவகாசியில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தபோதுதான். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். முதலில் விரல் பழகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். முதல் பாடம் ஒரே வரி: ஏ, எஸ், டி, எஃப். ஏ-க்குச் சுண்டுவிரல், எஸ்-க்கு மோதிரவிரல் என்று விரலுக்கு விரல் எழுத்து பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கையைப் பார்க்காமல் அடிக்க வேண்டும். என் தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க, ஏ மட்டும் சோகை பிடித்ததுபோல் வெளுத்து விழும்.

ஆமத்தூரில் எங்கள் வீட்டில் மெஷின் ஏது? அப்பா வேலை பார்த்த அச்சாபீஸில் கழித்துப்போட்ட காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் கட்டமாக எழுத்துகளை எழுதி, அதில் பழகினேன். நான் கையைப் பார்க்கிறேனா என்று கவனிப்பது அம்மாவின் பொறுப்பு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குபவள். பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல், கட்டையின் இடுக்குகளில் தீக்குச்சிகளை வரிசை வரிசையாக நிரப்பிவிடுவாள். அவளிடம் என் திருட்டு எத்தனை நாளைக்குப் பலிக்கும்?

"ஏ புள்ள, சுண்டுவிரலு சும்மா படுத்துக் கெடக்கு. அது வேலையையும் பக்கத்து விரலுல்ல சேத்துப் பாக்குது!"

சிரித்துக்கொண்டே அவளும் அட்டையில் கை வைத்தாள். வரிசையைச் சொல்லச் சொன்னாள். கட்டைவிரலுக்கு எந்த எழுத்து என்று கேட்டாள். அதற்கு எழுத்து கிடையாது, வார்த்தைக்கு நடுவில் இடம் விட மட்டும்தான் என்றேன்.

"எனக்கு அது ஒண்ணுதான எழுதும்" என்றாள், கைநாட்டு வைக்கிற என் அம்மா. இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து என்னோடு அவளும் அட்டையில் பழகினாள்.

ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்த அம்மா என்னைக் கூட்டிப்போகக் குடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். சார் அவளை உள்ளே கூப்பிட்டு, காலியாக இருந்த மெஷின் முன்னால் உட்காரச் சொன்னார். அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. சேலையில் துடைத்துக்கொண்டு, அட்டையில் பழகிய வரியை அடிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி முடிந்ததும் சார் மெஷினை அடுத்த வரிக்குத் தள்ளித் தள்ளிக் கொடுக்க, அதையே பத்து வரி அடித்தாள். ஒரு பிழை இல்லை. ஏ எல்லாம் நல்ல கறுப்பு.

"எங்கன படிச்சீக?" என்றார் சார்.

"நான் எங்க சார் படிச்சேன். கட்டை அடுக்குறேன்."

சார் அந்தத் தாளை உருவி எல்லோருக்கும் காட்டினார். பிறகு என் தாளையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பஸ்ஸில் அம்மா அந்தத் தாளை நனையாமல் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். என் காதருகே குனிந்து, "என் பேருக்கு எந்தெந்த எழுத்து? காட்டிக் குடுத்தா அதையும் பழகிக்கிடுவேன்" என்றாள்.

"ஒம் பேரெல்லாம் அந்த மெஷின்ல வராது."

"வராதா? சரி ஆத்தா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அட்டையில் கை வைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பரீட்சைக்கு விண்ணப்பம் வந்தபோது அப்பா ஊரில் இல்லை. பெற்றோர் கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டி, மைப்பெட்டியையும் நானே திறந்து வைத்தேன். அம்மா கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினாள். மற்ற நாலு விரலும் தாளில் படாமல் மடங்கியிருந்தன. பஸ்ஸில் அவள் என்ன கேட்டாள் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மை கலைந்துவிடக் கூடாதே என்று ஊதி ஊதிக் காயவைத்தேன்.