மரகதம் சொன்னதும் சிவசங்கரன் பேசியதும்

பொம்மனஹள்ளியில் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கார்மென்ட்ஸ் ஒன்றில், தையல் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் அறை மரகதத்தின் பொறுப்பில் இருந்தது. காலையில் அழுகையும் ஈரத்துணியுமாக இருக்கும் அறை, மதியம் பால் கொடுத்து முடித்ததும் அடங்கிவிடும். பிள்ளைகள் வரிசையாகத் தூங்குவார்கள். மரகதம் சுவரோரம் சாய்ந்து, முழித்துக்கொள்ளும் குழந்தையைத் தட்டிக்கொடுக்க ஒரு கையை ஒதுக்கிவிட்டு, மறு கையில் புத்தகத்தை எடுப்பாள். தடித்தடியான நாவல்களை எல்லாம் அவள் அப்படித்தான் படித்து முடித்தாள்.

கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது அவளுக்குப் படிக்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. புருஷன் சிவசங்கரன் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஊழியர்களுக்குக் கார் அனுப்பும் பிரிவில் சூப்பர்வைசர். விவேக் நகரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வாசகர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்குமே என்று அவன் போய்வர ஆரம்பித்தான். வரும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும். அவன் பிரிக்க மாட்டான். மரகதம் பிரித்தாள்.

மகள் மைசூருக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் இருவர்தான். சனிக்கிழமை காலையில் கீரை ஆய்ந்துகொண்டே மரகதம் படித்த கதையைச் சொல்வாள். அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பான். "அப்புறம்?" என்பான். "அதுக்கு ஏன் அந்தம்மா அப்டி பண்ணா?" என்பான். அவள் யோசித்துச் சொல்வாள். கூட வேலை செய்யும் பெண்கள் தங்கள் புருஷன்மாரைப் பற்றிப் புலம்பும்போது, தன் வீட்டில் தான் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

அம்ருதா வீட்டுக்கு வந்த அன்றுதான் அது போயிற்று.

அம்ருதா அந்த வாசகர் கூட்டத்துக்கு வருகிற பெண். சாப்ட்வேரில் வேலை. அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவள், சிவசங்கரன் தருவதாகச் சொன்ன நாவலை வாங்கிக்கொண்டு போகலாமென்று கதவைத் தட்டினாள். சிவசங்கரனும் வீட்டில் இருந்தான். மரகதம் காபி கொடுத்து உட்கார வைத்தாள். மகனைப் பல வருஷம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு டீச்சரைப் பற்றிய நாவல் அது. கடைசியில் மகன் வந்து நிற்கும்போது டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் சோறு போடுவாள்.

"சார் இதப் பத்திப் பேசினப்ப நான் அழுதுட்டேன் ஆன்ட்டி" என்றாள் அம்ருதா. "எல்லாரும் அந்த டீச்சர் துக்கத்துல பேசலன்னு சொன்னாங்க. சார்தான், இல்ல, அது கோவம்னு சொன்னார். கிரெஷ்ல விடுற குழந்தை அம்மா போறப்ப அழறத விட, சாயங்காலம் அம்மா திரும்பி வந்ததும்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழும்னு சொன்னார் பாருங்க. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. இவ்ளோ கவனிச்சிருக்கீங்களே சார்னு கேட்டேன். நெறைய குழந்தைகளப் பாத்திருக்கேன்மான்னார்."

மரகதம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சாயங்காலம் மணி அடித்ததும் தாய்மார்கள் ஓடிவருவதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உடம்பை விறைத்துக்கொண்டு கத்துவதும் அவள் தினம் பார்ப்பது. அதை அந்த நாவலோடு சேர்த்துச் சொன்னது அவள். இதே இடத்தில் உட்கார்ந்து சொன்னாள். சிவசங்கரன் அந்த அறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பால் பாக்கெட் இல்ல போல" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"குரூப்ல கூட சார்தான் ரொம்ப நல்லா எழுதுவார்" என்று அம்ருதா போனைக் காட்டினாள். 'இப்போது வாசிப்பில்' என்ற தலைப்போடு அட்டைப்படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் மரகதம் படித்த புத்தகங்கள். அவள் சமையல் மேடையில் வைத்து அவன் எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவள் சொன்ன பேச்சு, கொஞ்சம் மினுக்கி, எழுத்துத் தமிழில். அதற்குக் கீழே கைகூப்பிய படங்களும் பாராட்டும். மரகதம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு இடத்திலாவது 'என் மனைவி சொன்னாள்' என்று இருக்குமா என்று தேடினாள். இல்லை.

அம்ருதா போன பிறகு அவன் பாலோடு வந்தான்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"எது?"

"நான் பேசறத நீங்க போய்ப் பேசறது."

"வீட்ல பேசனத வெளியில பேசனேன். இதுல இன்னா இருக்குது? நீ வேற நான் வேறயா?"

"வேற இல்லன்னா, என் பேரச் சொல்லிப் பேசியிருக்கலாமே."

"பேரச் சொன்னா மட்டும் இன்னா கெடைக்கப்போவுது உனுக்கு? நாலு பேர் முன்னால நின்னு உனுக்குப் பேச வருமா, மரகதம்? அதான் நான் பேசனேன்."

"ஒரு நாளாவது வர்றியான்னு கேட்டீங்களா?"

அவன் பாலை அடுப்பில் வைக்கப் போனான். வழக்கத்தில் அந்த வேலையை அவன் செய்வதே கிடையாது. அவன் கூட்டத்தில் வாங்கிய கைதட்டலை அவள் விட்டுவிடுவாள். 'அப்புறம்?' என்று கேட்டானே, அதெல்லாம் மேடைக்காகக் கேட்டதா? அவள் சொல்லச் சொல்ல, இவன் மனதுக்குள் குறித்துக்கொண்டே இருந்தானா? அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்குச் சிவசங்கரனோடு அவளும் கிளம்பினாள். பஸ்ஸில் அவன் ஆண்கள் பக்கம் போய் நின்றுகொண்டான்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்புறத் தெருவில், ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பேக்கரியிலிருந்து வாங்கிய காரா பன்னும் டீயும் மேஜையில் இருந்தன. கூட்டத்தை நடத்துகிற கோதண்டராமன், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து வந்து வரவேற்றார்.

"வாங்கம்மா. சாரோட மிஸஸா? பரவாயில்லையே, சார் உங்களையும் படிக்க வெச்சுட்டாரா?"

மரகதம் சிவசங்கரனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்ல அவனுக்கு அது நல்ல நேரம். அவன் சொல்லவில்லை.

முதலில் எல்லோரும் இப்போது என்ன படிக்கிறார்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு பையன் ஷேர் மார்க்கெட் புத்தகம் பற்றிப் பேசினான். ஒரு அம்மாள் இமயமலைப் பயணப் புத்தகத்தைக் காட்டினாள். மைக் மரகதத்திடம் வந்தது. அந்த டீச்சரின் நாவல்தான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் அறையைப் பற்றியும், சாயங்கால அழுகையைப் பற்றியும் ஆரம்பித்தாள்.

கோதண்டராமன் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். "சார் அன்னைக்கு சொன்னத அப்படியே உள்வாங்கியிருக்காங்க பாருங்க. குரு நல்லா அமைஞ்சா இப்படித்தான்."

கை தட்டினார்கள். நல்ல மனதோடுதான் தட்டினார்கள். மரகதத்துக்குத் தன் சொந்தப் பேச்சுக்கே தான் திருடியாகிவிட்டது போல இருந்தது. மறுபடியும் புருஷனைப் பார்த்தாள். அவன் கைகூப்பிக் கைதட்டலை வாங்கிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் முடிக்கல சார்" என்றாள். "அது கோவம்னு நான் சொன்னது தப்பு. அவசரத்துல சொல்லிட்டேன். திரும்ப யோசிச்சா வேற மாதிரி இருக்குது. அந்த டீச்சர் காத்துக் காத்துப் பாத்துட்டு, நடுவுல ஒரு நாள் காத்திருக்கறத விட்டுட்டாங்க. தோட்டம் போட்டாங்க, பாட்டு கத்துக்கிட்டாங்க. மகன் வந்தப்ப அவங்களுக்குக் கோவம் இல்ல. அவன் தேவைப்படல, அவ்ளோதான். பசியோட வந்தவன்னு சோறு போட்டாங்க."

"ஆன்ட்டி, கோவம்னு சொன்னது சார் இல்லையா?" என்று அம்ருதா கேட்டாள். அவள் குரலில் சந்தேகம் இருந்தது.

"சார் அந்தப் புக்கத் தொறந்ததே இல்லம்மா. அந்த டீச்சர் பேரு இன்னான்னு கேட்டுப் பாரு. மொத பக்கத்துலயே இருக்குது. நான் வீட்ல டீச்சரம்மான்னுதான் சொல்லுவேன். அதனால அவருக்குத் தெரியாது."

எல்லோரும் சிவசங்கரனைப் பார்த்தார்கள். அவன் ஜன்னலைப் பார்த்தான். பேர் வரவில்லை.

கோதண்டராமன் எழுந்தார். "சரி, சரி. குடும்ப விஷயத்த வீட்ல பேசிக்கலாம். அடுத்து யாரு?" என்று அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். டீச்சரைப் பற்றி அவள் சொன்னதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுக்கும்போது இரண்டு பேர் சிவசங்கரனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அவன் வாய் திறந்தான். "மானத்த வாங்கிட்ட."

"நான் எதுவும் வாங்கல. என்னுதத் திருப்பிக் கேட்டேன்" என்றாள்.

சில நாள் கழித்து நாவலைத் திருப்பிக் கொடுக்க அம்ருதா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒண்ணு சொல்லணும் ஆன்ட்டி. ஒரு ஆம்பள குழந்தைங்களப் பத்தி அப்படிச் சொன்னதும் எல்லாருக்கும் பெரிசாத் தெரிஞ்சுது. அதையே நீங்க மொதல்ல சொல்லியிருந்தா, அவங்க வேலையே அதுதானேன்னு நெனச்சிருப்போம். நானும்தான்" என்றாள்.

உண்மையைச் சொன்னதற்காக மரகதம் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். ஆனால் ஆத்திரம் இரண்டு மடங்கானது. அன்று முழுக்கப் பாத்திரங்கள் சத்தத்தோடுதான் கழுவப்பட்டன.

சிவசங்கரன் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். மரகதம் நிறுத்தவில்லை. மறு மாதம் அவள் தனியாகப் போனாள். அவள் முறை கடைசியில் வந்தது, நேரமாகிவிட்டது என்றார்கள். அதற்கடுத்த மாதம் முன்வரிசையில் போய் உட்கார்ந்து முதலில் பேசினாள். கோதண்டராமன் ஒருமுறை போன் செய்து, "சாரக் கூட்டிட்டு வாங்கம்மா, நல்லாப் பேசுவார்" என்றார்.

"நல்லாப் பேசறது நான்தான் சார். நான்தான் வர்றேனே" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

வீட்டில் இப்போது சனிக்கிழமைகளில் ரேடியோ பாடுகிறது. அவள் கதை சொல்வதில்லை. அவன் ஓரிரு முறை, "இன்னா படிக்கிற?" என்று கேட்டான். அவள் அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தொடர்ந்து படித்தாள். பிறகு ஒரு நாள் அந்த டீச்சர் நாவல் அவன் தலைமாட்டில் கிடந்தது. மெதுவாக, வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் ஞாயிறு மதியங்களிலும், அவன் அதைப் படித்தான்.

கூட்டத்துக்கு அவள் புடவை கட்டிக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் புத்தகத்தை மூடி வைத்தான்.

"முடிச்சிட்டேன்" என்றான். "சுகந்தி டீச்சர் ஏன் கடைசி வரைக்கும் பேசல?"

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

அவன் யோசித்தான். மரகதம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நீயே சொல்லேன்" என்றான்.

மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.