இருமலுக்கு ஒரு கை

பெரம்பலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் மேஸ்திரியின் ஊரான வேப்பந்தட்டை பின்னால் போய்விட்டது. மூன்று இடத்தில் நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மேஸ்திரிக்கு இருமல் வந்தால் அவர் வயிற்றில் மனைவி கை வைத்து அழுத்துவாரா? வைக்காவிட்டால் சளி அடைத்துச் செத்துப்போவார்.

நாங்கள் கிணறு வெட்டுகிறவர்கள். எழுபதுகளின் கடைசியில் மேஸ்திரி கிணற்றுக்குள் விழுந்து, கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. தோளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் தூக்கிப் புரட்ட ஆள் வேண்டுமென்று கூடப் போனவன், அவர் வீடு திரும்பிய பிறகும் எட்டு மாதம் தங்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியதிலிருந்து எந்த ஊரிலும் நான் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். காலையும் மாலையும் மேஸ்திரி ரப்பர் குழாய் வழியே பாட்டில் தண்ணீரில் குமிழி வர ஊதவேண்டும். அவர் இருமுகிற அதே நொடியில், தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி அழுத்தவேண்டும். உட்காரவைத்தால் வயிற்றை இறுக்கிக் கட்டவேண்டும். இந்தக் கடைசியைத்தான் நாங்கள் நம்பவில்லை. மூச்சு வாங்குகிறவருக்கு இடுப்புத் துணியைத் தளர்த்துவதுதானே எங்கள் வழக்கம். தளர்த்தினோம், வயிறு சரிந்து அவருக்குப் பேச்சே எழவில்லை. பிறகு, கிணற்றில் இறங்கும்போது அவர் கட்டும் துண்டையே எடுத்து இறுக்கிக் கட்டினேன். குரல் வந்தது. "ஏண்டா, மண்ணுக் கூடைன்னு நெனச்சுத் தூக்குறியா?"

அவர் மனைவி வயிற்றருகே கொண்டுபோன கையை எடுத்துவிடுவார். "அவருக்கு வலிக்குமே தம்பி" என்பார்.

"வலிச்சா கோயிலுக்குக் கெடா வெட்டுறேன், அழுத்துடி" என்பார் மேஸ்திரி.

ஒருநாள் நான் பீடி வாங்கப் போயிருந்தபோது அவருக்குச் சளி அடைத்துக்கொண்டது. அந்த அம்மா அழுத்தாமல் என்னைத் தேடித் தெருவுக்கு ஓடிவந்தார். நான் போய் அழுத்துவதற்குள் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு திரும்பியதும் மேஸ்திரி சொன்னார்: "நீ இருக்குற வரைக்கும் இவ கை வைக்க மாட்டா. கெளம்புடா." எனக்கும் அங்கே இருப்புக்கொள்ளாமல்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னாரோ என்று இன்றும் தோன்றுகிறது.

விடிந்ததும் கிளம்பி, வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். இருமல் கேட்டது. "அழுத்துடி... இன்னும்." பிறகு துப்பும் சத்தம். அந்த அம்மா ஒருமுறை செய்துவிட்டார். அடுத்த முறை?

மறுநாள் காலை அரியலூரில், சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் லாரிக்குக் கல் ஏற்ற ஆள் கேட்டார்கள். "எத்தன நாளு இருப்ப?" என்றார் கணக்குப்பிள்ளை.

மேஸ்திரி சேதி தெரிந்துகொள்ள, வேப்பந்தட்டை ஆட்கள் வருகிற பஸ் அந்தப் பக்கம் நிற்குமா என்று கேட்டேன். தினமும் நிற்கும் என்றார்.

"இருக்கேங்க" என்றேன்.