மீட்டரில் ஏறாத நேரம்

எபினேசரின் காரைக் கொன்றது நான்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் லைன் வேலை போன பிறகு, தன் மனைவி கிளாராவுக்கு அவள் அப்பா கொடுத்த அரை கிரவுண்டு மனையை விற்று ஒரு பழைய டீசல் கார் வாங்கினான். கம்பெனி மேனேஜர் ஒருவரைப் பூந்தமல்லியிலிருந்து காலையில் அழைத்து வந்து மாலையில் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் காரை விட்டால் பிழைக்க வேறு வழி இல்லை. அதனால் எதற்கும் என்னைக் கேட்பான். நானும் டிரைவர், அவனுக்குப் பத்து வருடம் மூத்தவன். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்.

"எஞ்சினுக்குச் சாதா ஆயிலு எதுக்குடா? சிந்தெடிக் ஊத்து. பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்குத் திரும்பியே பாக்க வேணாம்," என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"என் வண்டி ஓடிக்கினு கீதுல்ல?"

என் வண்டி ஓடியது. நான் பெங்களூர் சாலையில் ஒரே சீராகப் போகிறவன். அவன் பாடு வேறு. மேனேஜர் எப்போது வெளியே வந்தாலும் கார் ஜில்லென்று இருக்க வேண்டும். கம்பெனி கேட்டுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், ஏசியைப் போட்டபடி தினமும் நாலைந்து மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் நிற்பான். அந்த நேரமெல்லாம் மீட்டரில் ஏறாது. என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. அடுத்து ஆயில் மாற்றுவது எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதிக் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரை அவன் வேதவாக்காக நம்பினான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை ஒருநாள்கூட உருவிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்ன மேதாவி நான்.

ஒரு திங்கட்கிழமை காலை, செம்பரம்பாக்கம் தாண்டியதும் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டது. ஓரம் கட்டுவதற்குள் இறுகி நின்றுவிட்டது. மேனேஜர் வேறு கார் பிடித்துப் போனார். மறுநாள் முதல் அவருக்கு வேறு ஆள்.

மெக்கானிக் சக்திகுமார் எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றினார். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் கருஞ்சேறுதான் இருந்தது.

"கார் நின்னுகினு இருந்தாலும் எஞ்சின் சுத்திக்கினுதான கீது? இத யாரும் உனக்குச் சொல்லலியா?"

எபினேசர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

வேறு எஞ்சின் போட அவனுக்கு வக்கில்லை. நேற்று பழைய இரும்புக்காரர்கள் காரை ஏற்றிப்போக வந்தார்கள். கடைசியாக ஒருமுறை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். மீட்டர் மட்டும் எரிந்தது. அதையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் பாக்கி கீதுண்ணே," என்றான். "நீ சொன்னத நான் தாண்டவே இல்ல."