அந்தோணியாருக்குப் பின்னால் ஒளித்த மாத்திரை

"மாத்திரை போட்டா அந்தோணியாருக்குக் கோவம் வருமாலே?"

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். கடைசியில் பதிலை அவரேதான் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பட்ட பாடுதான் இந்தக் கதை.

பிளாரன்ஸின் கணவர் ஆன்றோ, திரேஸ்புரத்தில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். முதலாளி படகை விற்றதும் வேறு படகில் இடம் கிடைக்கவில்லை. துறைமுகச் சாலையில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போனார். கடலுக்கு முதுகைக் காட்டியபடி பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சில மாதங்களில் தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்க மாட்டார். வீட்டுச் செபமாலையில் கணீரென்று ஒலித்த குரல் முணுமுணுப்பாகி, அதுவும் நின்றது.

மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் மெல்லத் தூக்கம் திரும்பியது. அந்த நேரத்தில்தான் ஆன்றோவின் அக்கா பேபி வந்தார்.

"ஏளா பிளாரன்ஸ், எந்தம்பிக்கு என்ன பைத்தியமா? அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வா நேர்ச்சை இருங்க."

"இருக்கோம் மைனி. மாத்திரையும்..."

"மாத்திரையை முழுங்கிக்கிட்டே நேர்ச்சை இருந்தா, சாமிய நம்பலன்னுதான அர்த்தம்?"

நேர்ச்சை என்கிற வேண்டுதலுக்கு எதையாவது விடுவது வழக்கம். மீனில்லாமல் சோறு இறங்காத பிளாரன்ஸ் மீனை விட்டார். ஆன்றோ மாத்திரையை விட்டார். மாத்திரை அட்டையைத் தூக்கிப்போட மனமில்லாமல், வீட்டிலிருந்த அந்தோணியார் சுரூபத்துக்கு, அந்தச் சிறு சிலைக்குப் பின்னால் ஒளித்துவைத்தது பிளாரன்ஸ்தான்.

செவ்வாய்கள் போகப் போக ஆன்றோ மோசமானார். தூக்கம் மறுபடியும் போயிற்று. ஒருநாள் மத்தியானம் குடோனிலிருந்து போன் வந்தது, ஆளைக் காணோம் என்று. செருப்புகூடப் போடாமல் பிளாரன்ஸ் கரைக்கு ஓடினார். கட்டிக்கிடந்த ஒரு படகின் கயிற்றைப் பிடித்தபடி, காவலாளிச் சட்டையோடு, இடுப்பளவுத் தண்ணீரில் ஆன்றோ நின்றார்.

"இங்கன என்ன செய்திய?"

"தெரியல ஏளா. செபம் சொல்ல வாயத் தொறந்தா வார்த்த வரமாட்டேங்கு. நேர்ச்சையில நாந்தான் ஏதோ குறை வச்சிட்டேன். சாமியும் என்னைய விட்டுட்டாரு."

பிளாரன்ஸ் படகைப் பார்த்தார். முகப்பில் மாதா படம், வாடிய மாலை. பின்னால் டீசல் கேன்கள்.

"ஏங்க, மாதாவுக்கு மாலை போட்டுக் கும்பிட்டுதான கடலுக்குப் போவிய?"

"ஆமா."

"டீசல் ஊத்தாம போயிருக்கியளா?"

"டீசல் இல்லாம எஞ்சின் எப்படி ஓடும், கோட்டிக்காரி?"

"டீசல் ஊத்துனதுக்கு மாதா கோவிச்சாவளா?"

ஆன்றோ கயிற்றை விட்டுவிட்டுக் கரையேறினார்.

வீட்டுக்கு வந்ததும் பேபியின் கண் முன்னாலேயே பிளாரன்ஸ் சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"நேர்ச்சைய முறிக்கியாளா?"

"முறிக்கல மைனி. மீன விட்டது விட்டதுதான்."

அட்டையோடு பிளாரன்ஸும் ஆன்றோவும் அன்றே டாக்டரிடம் போனார்கள். குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கச் சொன்னார்.

இப்போதும் சில நாள் ஆன்றோ சுவரைப் பார்த்தபடியே இருக்கிறார். செபமாலை முடியும்போது மட்டும் அவர் குரல் சேர்கிறது. கோபித்துக்கொண்ட பேபி அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மாத்திரை அட்டை சுரூபத்துக்கு முன்னால், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் யாராவது சாமிக்குப் பயந்து மாத்திரையை ஒளித்துவைத்திருக்கலாம். அவர்கள் காதில் இந்தக் கதையைப் போட்டுவையுங்கள்.