போத்தல் நுழையாத உறை

குகனேஸ்வரி அக்கா எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். பிறகுதான் பேச்சு. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து ஒன்பது வருடம். முதல் இரண்டு வருடம் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைத்தார். அதன் பிறகு முழுக்கப் பிரான்காச்சோவில், லோ வெர்டே என்பவரின் தையல் பட்டறையில். பன்னிரண்டு மெசின், பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைவி அக்கா.

போன வருடம் அந்தப் பட்டறைக்குப் பிரித்தானிய இராணுவத்தின் வேலை வந்தது. நேரே வரவில்லை. லண்டனில் ஒரு கம்பனி எடுத்து, மிலானில் ஒருவனுக்குக் கொடுத்து, அவன் லோ வெர்டேயிடம் தள்ளிவிட்டான். சிப்பாய் இடுப்பில் கட்டும் தண்ணீர்ப் போத்தலுக்கு உறை, நாற்பதாயிரம். முத்திரை குத்திய மாதிரி உறை ஒன்று வந்தது, வரைபடத் தாள்கள் வந்தன. போத்தல் மட்டும் வரவில்லை.

அக்காவுக்கு ஆங்கிலம் வராது, இலக்கம் வரும். முதல் தாளில் போத்தலின் சுற்றளவு இருந்தது. ஒரு மட்டையை அந்த அளவுக்குச் சுருட்டி மாதிரி உறைக்குள் விட்டுப் பார்த்தார். பாதியில் இறுகி நின்றது.

அன்று பின்னேரமே என்னிடம் வந்தார். இருவருக்கும் ஒரே ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் வணிகமாணிப் பட்டமும் உண்டு. இங்கே ஹோட்டல் வாசலில் பெட்டி தூக்குகிறேன் என்றாலும், ஆங்கிலம் என்றால் எங்கள் ஆட்கள் தேடுவது என்னைத்தான்.

"தம்பி, லண்டன்காரருக்கு ஒரு கடிதம் எழுது. ரெண்டு விரல் அகலம் காணாது எண்டு."

"லோ வெர்டே ஓம் எண்டவரோ?"

"ஓம். சரிவந்தா தன்ரை பேராம். பிழைச்சா என்ரை பேராம்."

எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மாதிரி அங்கீகரிக்கப்பட்டது, அளவை மாற்றும் அதிகாரம் தைப்பவர்களுக்கு இல்லை. அக்கா ஏழு மாதம் மாதிரிப்படியே தைப்பித்தார்.

எட்டாம் மாதம் நாற்பதாயிரமும் திரும்பி வந்தன. பின்னாலேயே லண்டன் கம்பனியின் ஆள் ஒருவரும் வந்தார். அவருடைய கையில் ஒரு தாள்: பிழை தையலில்தான். தையல் தலைவி அதில் கையெழுத்திட வேண்டும். இட்டால் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியாக வேண்டும். அக்காவின் பெர்மெசோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, இன்னும் பத்து வாரத்தில் முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் யார் புதுப்பித்துக் கொடுப்பார்கள்?

மொழிபெயர்க்க நான் நின்றேன்.

"போடு, குகா" என்றார் லோ வெர்டே. "போடாவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை."

பக்கத்து மெசினில் இருந்த புனிதமலர் தலை நிமிராமலே சொன்னாள்: "போடாதேங்கோ அக்கா. இண்டைக்கு உங்கடை தையல் பிழையெண்டா நாளைக்கு என்ரையும் பிழைதான்."

அக்கா என்னைப் பார்த்தார். "அந்தாளிட்டைக் கேள். போத்தல் கொண்டந்தவரோ?"

கேட்டேன். "இல்லையாம். போத்தல் வேறை பிரிவாம்."

"அப்ப சிப்பாய்க்குத் தண்ணி விடாய்க்கிறது எந்தப் பிரிவாம்?"

புனிதமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சொல் விடாமல் அதையும் மொழிபெயர்த்தேன். வந்தவர் சிரிக்கவில்லை. அவர்களுடைய பழைய பதிலை அச்செடுத்து வைத்திருந்தேன். அதை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அவருடைய வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. உறை பழைய போத்தலுக்கு அளவெடுத்தது. இடையில் போத்தலை மாற்றியிருக்கிறார்கள். உறையை மாற்ற ஒருவருக்கும் உத்தரவு போகவில்லை. மாதிரியோடு வந்த தாளில் பதினொரு கையெழுத்து இருந்தது. பதினொரு பேரும் என்னைவிடப் பெரிய பட்டக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஒருத்தனுக்காவது ஒரு போத்தலை எடுத்து உள்ளே விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவனும் பெர்மெசோவுக்குப் பயந்து படுக்கப் போகிறவன் இல்லை.

வந்தவர் கையெழுத்துக் கேட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இன்னொரு உத்தரவு வந்தது: இராணுவப் பொருள் சந்தைக்குப் போகக்கூடாது, நாற்பதாயிரத்தையும் வெட்டி அழிக்க வேண்டும், அதை இந்தப் பட்டறையே செய்யலாம். அகலமான புது உறைக்குக் கட்டளை எடுத்திருப்பது யார் என்று கேட்டேன். அதே லண்டன் கம்பனி.

அழிக்கும் வேலைக்கு அக்காவுக்கு மூன்று மாத ஒப்பந்தம் கிடைத்தது. குவெஸ்தூராவுக்கு அது போதும். அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

"எல்லாரும் துணியை நடுவாலை வெட்டுங்கோ. தையலிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

வெட்டியதைப் பார்வையிட அந்த ஆள் மறுபடி வந்தார். சாக்கு ஒன்றுக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நூல் அசையவில்லை. வேறொன்றை எடுத்து இன்னும் பலமாக இழுத்தார்.

கத்தரிக்கோலை நிறுத்தாமலே அக்கா சொன்னார்: "இன்னும் இழுக்கச் சொல்லு, தம்பி. சாக்கு நிறையக் கிடக்கு."